தாழ்ப்பாள் சத்தம்

காரைக்குடிப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடொன்றில் ஒரு குழந்தைகள் இல்லம் நடக்கிறது. சனிக்கிழமைகளில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போவேன். (அடையாளம் தெரியக் கூடாதென்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

புதிதாக வந்த ஒரு சிறுமி ராத்திரியானால் அலறுவாள், பாயை நனைப்பாள், பக்கத்தில் படுத்திருப்பவளைக் கடிப்பாள். "திமிரு. ரெண்டு போட்டாச் சரியாயிரும்" என்றார் வார்டன். வேப்பிலை அடிக்கச் சொன்னவர்களும் உண்டு. சமையல் அக்காதான் கண்டுபிடித்தார்: "தம்பி, அந்தப் பெரிய கதவுத் தாழ்ப்பாளப் போடுறப்பத்தான் ஆரம்பிக்குது, பாருங்க."

அப்பன் அடிக்கும் முன் கதவைத் தாழ் போடுவானாம். போலீஸிடம் ஒரு தடவை, குழந்தைகள் நலக் குழுவிடம் (மீட்ட பிள்ளையை எங்கே வைப்பதென்று முடிவு செய்யும் மாவட்டக் குழு) ஒரு தடவை பிள்ளை சொல்லியிருக்கிறாள். கோப்பிலும் இருக்கிறது. இல்லத்தில் யாரும் வாசிக்கவில்லை. மூன்றாவது தடவையாக அவளையே சொல்லச் சொன்னார்கள். எனக்கு ஆத்திரம் வந்த இடம் இதுதான்.

பிள்ளை பட்ட காயத்தைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப நடப்பதைத்தான் மனக்காயம் அறிந்த பராமரிப்பு என்கிறார்கள். பயத்திலேயே வளர்ந்த பிள்ளைக்குப் புத்தி யோசிப்பதற்குள் உடம்பு முந்திக்கொள்ளும். அதை அடங்காமை என்று படித்தால் அடிதான் மருந்தாகத் தோன்றும்.

2015 இளைஞர் நீதிச் சட்டத்தில் குறையொன்றுமில்லை. மீட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்த வேண்டும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. வீட்டிலேயே வைத்து வளர்க்க ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவியும் உண்டு. ஆனால் வாசலில் நடப்பது வேறு. அந்தப் பிள்ளையின் அம்மா முறுக்குப் பொட்டலத்தோடு பார்க்க வந்தாள். "இத்தனை நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். அவளும் அடி வாங்கியவள்தான். மறுவாரம் வரவில்லை. பிள்ளை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

நகரத்தார் வீடுகளில் பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, புதிதில்லை. எங்கள் ஐயாவே கூட்டிக்கொண்ட பிள்ளைதான். விருந்து வைத்து, ஊரறியக் கூட்டி வந்தார்கள். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் எண்பது வயதிலும் பிறந்த வீட்டுத் தெருவைக் கடக்கும்போது பேச்சை நிறுத்திவிடுவார். மேளதாளத்தோடு போன பிள்ளைக்கே அப்படியென்றால், ராத்திரி ஜீப்பில் ஏற்றி வந்த பிள்ளையிடம் முதல் வாரமே ஒழுங்கை எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

சமையல் அக்கா தாழ்ப்பாளில் பழைய சேலைத் துணியைச் சுற்றிவைத்திருக்கிறார். ராத்திரி கதவைச் சாத்தும் முன் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் சாத்துகிறார். பாய் நனைவது முழுசாக நிற்கவில்லை. இப்போது வாரத்துக்கு இரண்டு நாள்.