பேச்சியம்மாள் என்ற பெயரில் சிரிக்க என்ன இருக்கிறது?

பெயர்சூட்டு விழா என்று இனி யார் அழைத்தாலும் நான் போவதாக இல்லை. எண்பதைத் தாண்டிய எங்கள் ஆச்சியின் மடியில் கொள்ளுப்பேத்தியைக் கிடத்தி, காதில் மூன்று முறை பெயரைச் சொல்லச் சொன்னார்கள். பெயர் த்விஷிகா. ஆச்சி 'துவிசியா' என்றார். 'அப்படி இல்லை ஆச்சி, த்விஷிகா' என்று பேரன் திருத்தினான். 'திவிசிக்கா' என்றார். உடனே ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோல எழுத்தெழுத்தாகப் பாடம் நடத்தினாள். இன்னொருவன் கைப்பேசியை ஆச்சியின் முகத்துக்கு நேரே நீட்டிப் படம் பிடித்தான். மூன்றாம் முறையும் நாக்கு ஒத்துழைக்காமல் போகவே, 'விடுங்க, நாங்களே சொல்லிக்கிறோம்' என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டார்கள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஆச்சி, 'கூடவே பேச்சின்னும் ஒரு பேரு வைங்களேன்' என்றார். கூடமே குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

பேச்சியம்மாள் என்பது ஆச்சியின் பெயர். அதற்கு முன் அது எங்கள் குலதெய்வத்தின் பெயர். ஆண்டுதோறும் வரிகட்டி, வேன் பிடித்துப் போய்ப் பொங்கலிட்டுக் கும்பிடுவார்களாம். அந்தத் தெய்வத்தின் பெயரைப் பெண்ணுக்கு வைப்பது மட்டும் கேவலமாம். சுடலைமுத்து, இசக்கியம்மாள் என்றால் தெற்கத்திக்காரர் என்றும், பச்சையம்மாள் என்றால் வடமாவட்டத்துக்காரர் என்றும் பெரும்பாலும் பெயரைக் கேட்டே சொல்லிவிடலாம். த்விஷிகாவைக் கேட்டு எதைச் சொல்வது? நட்சத்திரத்துக்கு ஓர் எழுத்து, எண்கணிதக்காரர் சேர்க்கச் சொன்ன ஓர் எழுத்து, எப்படியாவது ஒரு 'ஷ'. பொருளைக் கேட்டால் பெற்றவர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

பெயர் மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேதாசலம் மறைமலையடிகள் ஆனதும், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், இராமையா அன்பழகன் ஆனதும் கொள்கைக்காக. மரியாதையான பெயர் வைத்துக்கொள்ளவே விடாமல் ஒடுக்கப்பட்டவர்கள், தங்கள்மேல் சுமத்தப்பட்ட பெயர்களை உதறியது முழு நியாயம். இங்கே இருப்பது கொள்கையும் அல்ல, நியாயமும் அல்ல. பெற்றெடுத்த பரம்பரையைப் பார்த்து வரும் கூச்சம். கீழடிப் பானை ஓட்டில் 'ஆதன்' என்று கண்டதும் பூரித்து, அதையே பிள்ளைக்கு வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் சொந்தத் தாத்தாவின் மாடசாமி ஆகவில்லை. ஈராயிரம் ஆண்டுப் பழமை பெருமையாம், அறுபது ஆண்டுப் பழமை அவமானமாம்!

செல்லப் பெயரையாவது விட்டுவைத்தார்களா? முன்பெல்லாம் பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைத்துவிடுவார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் அவன் வீட்டில் துரை ஆவான், ராசு ஆவான், பெரியவன் ஆவான். மருமகளின் வாயைக் கட்டிய வழக்கம் ஒழிந்தது நல்லதுதான். ஆனால் அதோடு துரையும் ராசுவும் போய், வீட்டுக்கு வீடு ஒரு சோனுவும் ஒரு பிங்கியும் வந்து உட்கார்ந்துகொண்டதை எப்படிச் சகிப்பது?

இவற்றையெல்லாம் விடப் பெரிய அநியாயம் அந்த விழா அழைப்பிதழில் இருந்தது. குழந்தையின் கொள்ளுத்தாத்தா, ஆச்சியின் கணவர், வாழ்நாள் முழுதும் மாடசாமி என்றே கையெழுத்துப் போட்டவர். அவரை 'தெய்வத்திரு எம். சாமி' என்று அச்சடித்திருக்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துத் தொலையுங்கள். செத்துப்போன மனிதரின் பெயரை வெட்ட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?