கார்டு வாங்குவதற்கு முன் நாட்களை எண்ணுங்கள்

மாதவிலக்கு வர வேண்டிய நாள் கடப்பதற்கு முன்பே மெடிக்கலுக்கு ஓடிப்போய்க் கர்ப்பப் பரிசோதனைக் கார்டு வாங்காதீர்கள் என்று புதிதாகத் திருமணமான பெண்களைக் கேட்டுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன். குடியாத்தத்தில் வாக்கப்பட்டு வந்த முதல் வருடம் முழுவதும் நான் அந்தத் தவற்றைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் தெருவில் கல்யாணமாகி மூன்று மாதம் முடிவதற்குள், “இந்த மாசம் தலைக்கு ஊத்திக்கினியா?”, அதாவது மாதவிலக்கு வந்ததா என்ற கேள்வி தொடங்கிவிடும். கேட்பவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். அவர்களும் அதே கேள்விக்குப் பதில் சொல்லி வந்தவர்கள்தாம். ஆனால் அதற்கு எப்படியாவது ஒரு பதிலைக் கொடுத்துவிட வேண்டும் என்ற தவிப்பில், மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 25-ஆம் நாளும் 26-ஆம் நாளும் கார்டு போட்டுப் பார்த்து, ஒற்றைக் கோட்டைக் கண்டு குளியலறையிலேயே அழுதிருக்கிறேன்.

ஒருமுறை மாலையில் பரிசோதித்தேன். ஒரு கோடுதான் வந்தது. கார்டைக் குளியலறை ஜன்னல் திட்டில் சோப்பு டப்பாவுக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு மறந்துபோனேன். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால், கர்ப்பம் என்றால் இரண்டாவது கோடு விழும் ‘டி’ என்ற எழுத்துக்கு நேராகச் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. கணவரிடம் சொன்னேன், அவர் தன் அம்மாவான என் அத்தையிடம் சொன்னார், அன்று மதியமே வீட்டில் பாயசம் வைத்துவிட்டார்கள். நான்காம் நாள் மாதவிலக்கு வந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால், “முதல் கரு நிக்கல” என்று உறவுக்குள் ஒரு பேச்சு பரவி, தண்ணீர்க் குடம் தூக்காதே, பஸ்ஸில் போகாதே என்று ஆறேழு மாதம் என்னை நோயாளியைப் போல நடத்தினார்கள். அது காய்ந்துபோன சிறுநீர் விட்ட தடம். கார்டின் முடிவை 5 நிமிடத்தில் பார்க்க வேண்டும் என்றும், 10 நிமிடத்துக்கு மேல் தோன்றும் எந்தக் கோடும் கணக்கில் சேராது என்றும் அன்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

கரு தரித்த அன்றே சிறுநீரில் தெரிந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கருமுட்டை வெளியேறிக் கருவான பிறகு, அது கருப்பையின் சுவரில் ஒட்டிக்கொள்ள ஏறத்தாழ 6 முதல் 10 நாள் ஆகும். அதற்குப் பின்னரே எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. கார்டு தேடுவது அந்த ஹார்மோனைத்தான். 28 நாள் சுழற்சி உள்ள பெண் 25-ஆம் நாள் பார்த்தால், கரு இருந்தாலும் கார்டு பிடிக்கும் அளவுக்கு ஹார்மோன் சேர்ந்திருக்காமல் போகலாம். நாள் தள்ளிப்போன பிறகு பார்ப்பது ஓரளவு நம்பகமானது. இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடம் மிகவும் குறைவு. மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களுக்குத் தள்ளிப்போகும் நாள் எது என்றே தெரியாது. அவர்கள் கடைசியாகக் கணவருடன் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் எண்ணிக்கொள்ள வேண்டும். குழந்தைக்காகச் சிகிச்சை எடுப்பவர்கள், கருமுட்டை வெளியேறுவதற்கென்று எச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தால், ஊசி மருந்தே இரண்டாவது கோட்டைக் காட்டிவிடும் என்பதால் மருத்துவர் குறித்துக் கொடுத்த நாளுக்கு முன் பார்க்கவே கூடாது.

காலையில் எழுந்தவுடன் வரும் சிறுநீரே நல்லது. வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலில் நாள் முழுக்கத் தண்ணீர் குடித்துவிட்டு மாலையில் பார்த்தால் அது நீர்த்துப்போயிருக்கும். வெயில் கார்டையும் கெடுக்கும். பொதுவாக அதன் உறையில் 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று போட்டிருக்கும். நாமோ அதை வண்டி சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்து இரண்டு நாள் சுற்றுகிறோம். கார்டு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதைக் காட்டும் ‘சி’ கோடு வரவில்லை என்றால் அந்தக் கார்டையே தூக்கிப் போட வேண்டியதுதான். ஐந்து நிமிடத்துக்குள் வந்த ‘டி’ கோடு மங்கலாக இருந்தாலும் பெரும்பாலும் கர்ப்பம்தான்.

இவ்வளவு பொறுமையைச் சொல்லும் நான் மிகவும் தள்ளிப்போடுவதையும் ஏற்கமாட்டேன். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்களில் சிலர், அலைச்சலால் நாள் தள்ளியிருக்கும் என்று இரண்டு மாதம் வரை விட்டுவிடுகிறார்கள். குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக் குழாய் கரு தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. ஃபோலிக் அமில மாத்திரை உதவ வேண்டிய காலம் அதுவே என்பதால், கரு தரிப்பதற்கு முன்பிருந்தே அதைச் சாப்பிடச் சொல்கிறார்கள். ஒற்றைக் கோடு வந்தும் மாதவிலக்கு வரவில்லை என்றால் மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் மறுபடியும் பாருங்கள்; அப்போதும் அதே நிலை என்றால் மருத்துவரிடம் போங்கள். அடிவயிற்றின் ஒரு பக்கம் கடும் வலி, உதிரப்போக்கு, மயக்கம், தோள்பட்டை வலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், கரு கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்கக்கூடும். கார்டு என்ன காட்டினாலும் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூன்றாம் வருடம், சமையலறைக் காலண்டரில் பால் கணக்கு எழுதும் கட்டத்தின் மூலையில், மாதவிலக்கு தொடங்கும் நாளன்று எனக்கு மட்டும் புரியும்படி ஒரு நீலப் புள்ளி வைக்கத் தொடங்கினேன். ஒரு மாதம் நாள் தள்ளியது. ஏழு நாள் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்து, எட்டாம் நாள் விடியற்காலையில் மூன்று சொட்டு விட்டபோது, கைப்பேசியில் இரண்டு நிமிடம் ஓடுவதற்குள் இரண்டு கோடும் அழுத்தமாக வந்துவிட்டன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யப் போனேன். “கடைசியா எந்தத் தேதி தலைக்கு ஊத்திக்கினே?” என்று செவிலியர் கேட்டார். அருகில் உட்கார்ந்திருந்த அத்தை யோசிக்கத் தொடங்குவதற்குள் நான் தேதியைச் சொன்னேன்.