ஒரு வரி போதும், தேடுங்கள்
கொரியப் போரில் குண்டடிபட்ட அமெரிக்க வீரர் ஒருவர், 90 வயதைத் தாண்டியும், போரில் காயம்பட்டவர்களுக்குத் தரும், தனக்கு விட்டுப்போன பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தைப் பதிவில் சேர்க்கச் சொல்லி மனு போடுகிறாராம். வயிறு எரிகிறது. ஆதாரத்துக்கு அவர் எங்கே போவார்? 1973 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ராணுவ ஆவணக் காப்பகம் எரிந்தபோது, 1912 முதல் 1960 வரை விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் சாம்பலாகிவிட்டது. நகலும் இல்லை. அவர் இருந்த கம்பெனியின் (படைப்பிரிவின்) 'மார்னிங் ரிப்போர்ட்' என்ற தினசரி அறிக்கையைக் கேட்டுப் பார்க்கட்டும். அன்றைக்கு யாருக்குக் காயம், யார் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று ஒரு வரி தட்டச்சு செய்திருப்பார்கள். (அந்த குமாஸ்தா பெயரைத் தப்பாக அடித்திருந்தால் அது வேறு தலைவலி!) பதிவைத் திருத்தக் கேட்பதற்கான 3 வருடக் கெடு முடிந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். நியாயம் கருதி, ராணுவப் பதிவுகளைத் திருத்தும் வாரியம் அதைத் தளர்த்தலாம்.