அந்தப் பாயை நெய்தது யார்?

வைக்கிங் கதைகள், அதாவது ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய வட ஐரோப்பியக் கடலோடிகளின் கதைகள் என்றால் எனக்கு உயிர். பல வருடங்களாக விடாமல் படிக்கிறேன். கோடாரி, கேடயச் சுவர், தீப்பிடித்து எரியும் மடாலம் எல்லாம் வரும். அதையும் ரசித்துத்தான் படிக்கிறேன். (அட்டையில் கொம்பு வைத்த தலைக்கவசம் இருந்தால் மட்டும் எடுக்க மாட்டேன். அது 19ஆம் நூற்றாண்டு ஓபரா மேடை கொண்டுவந்த சங்கதி.) ஆனால் ஒரு நாவல் எனக்குப் பிடிக்குமா என்பது சண்டைக் காட்சியில் இல்லை. கப்பலின் பாய் எங்கிருந்து வந்தது என்று எழுதியவர் யோசித்திருக்கிறாரா என்றுதான் பார்ப்பேன்.

அந்தக் காலத்துப் பாய் ஆட்டு ரோமத்தில் நெய்தது. தக்ளியைச் சுற்றிச் சுற்றிக் கையாலேயே நூற்க வேண்டும். பாவு நூல்களின் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட தறியில் நெய்ய வேண்டும். அப்புறம் காற்று ஊடே போய்விடாமல் கொழுப்பும் தாரும் பூச வேண்டும். டென்மார்க்கில் ரோஸ்கில்ட கடல் கழியில் 1962இல் ஐந்து கப்பல்களைத் தோண்டி எடுத்தார்கள். அதில் பெரியது சுமார் 30 மீட்டர் நீளப் போர்க்கப்பல். மரத்தின் வளையங்களை வைத்து, அது 1042இல் டப்ளின் பக்கம் கட்டியது என்று கண்டுபிடித்தார்கள். அதே மாதிரி ஒன்றைக் கட்டி 2007இல் டப்ளினுக்கே ஓட்டிப் போனார்கள். அதன் பாய் 112 சதுர மீட்டர். நம் கணக்கில் அரை கிரவுண்டு! அவ்வளவு துணிக்கான நூலைத் தக்ளியில் நூற்பது என்றால் எத்தனை பெண்கள், எத்தனை குளிர்காலம்? நாவலில் மட்டும் "பாயை விரித்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் எனக்கு மனசே ஆறாது.

நார்வேயில் 1904இல் தோண்டிய ஓஸெபெர்க் கப்பலையும் சொல்ல வேண்டும். 834இல் புதைத்தது. வைக்கிங் புதைகுழிகளிலேயே இவ்வளவு செழிப்பானது அபூர்வம். உள்ளே இருந்தவர்கள் இரண்டு பெண்கள். பக்கத்தில் வண்டி, சறுக்கு வண்டிகள், கட்டில், கூடவே தறி.

நூற்பதும் நெய்வதும் கதையில் வர வேண்டியவை என்று பழைய ஐஸ்லாந்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் எழுதிய லக்ஸ்டேலா சாகாவில் (சாகா என்றால் அவர்களுடைய பழைய உரைநடைக் கதை) குத்ரூன் என்று ஒருத்தி. அவள் ஆசைப்பட்டது க்யார்த்தனை. கட்டிக்கொண்டது அவனோடு வளர்ந்த பொல்லியை. கடைசியில் பொல்லியே க்யார்த்தனை வெட்டிக் கொன்றுவிட்டு வீடு திரும்புகிறான். வாசலுக்கு வந்த குத்ரூன் அழவில்லை, கத்தவில்லை. நான் பன்னிரண்டு முழத் துணிக்கு நூல் நூற்றேன், நீ க்யார்த்தனைக் கொன்றாய் என்கிறாள். இரண்டையும் அன்றைய காலை வேலையாக ஒரே மூச்சில் சொல்கிறாள். எத்தனை போர்க்களம் படித்தாலும் இந்த இடத்தில் வருகிற நடுக்கம் எனக்கு வேறு எங்கும் வந்ததில்லை.

விடியற்காலையில் ஆண்களை உசுப்பிவிட்டு அனுப்பியதே அவள்தான். அனுப்பிவிட்டு உட்கார்ந்து நூற்றிருக்கிறாள்.