"இவங்களுக்கு அப்படித்தாம்மா இருக்கும்"

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற எல்லோருக்கும் இந்தப் பதில் பழக்கமாகியிருக்கும். சாப்பிட மறுக்கிறான், ராத்திரி தூங்கவில்லை, தன்னைத்தானே அடித்துக்கொள்கிறான் என்று எதைச் சொன்னாலும் இதே பதில்தான். என் தம்பி கன்னத்தில் அறைந்துகொண்டே இருந்தபோது தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் வேறொரு டாக்டர்தான் பொறுமையாக வாயைத் திறக்க வைத்துப் பார்த்தார். கடைவாய்ப் பல் சொத்தையாகி, ஈறில் சீழ் கட்டியிருந்தது.

வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் வேறு எப்படிச் சொல்வார்? திடீரென்று நடத்தை மாறினால் பல், காது, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல் இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் மனநல மாத்திரைக்குப் போக வேண்டும். பிறவியிலேயே வந்து அறிவுசார் குறைபாட்டுக்குக் காரணமாகும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைபாடு அதிகம் வரும். உடம்பு போடுகிறது, எந்நேரமும் சோர்ந்து கிடக்கிறார் என்றால் "சோம்பேறி" என்று வீட்டிலேயே முத்திரை குத்திவிடுகிறோம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய விஷயம் அது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 25ஆம் பிரிவில் சிகிச்சையில் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. நம் ஆஸ்பத்திரிகள் சாய்தளம் கட்டியதோடு கடமை முடிந்தது என்று இருக்கின்றன. சத்தமும் கூட்டமுமாக இருக்கும் ஓ.பி.யில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் என் தம்பி கத்துவான். உள்ளே போகும்போது டாக்டர் பார்ப்பது நோயாளியை அல்ல, அந்தக் கத்தலைத்தான். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் காட்டினால் முதல் டோக்கன், உள்ளே கூடுதலாகப் பத்து நிமிடம் கொடுத்தால் போதும். இதற்குப் புதுக் கட்டடமோ கருவியோ வேண்டாமே!

இங்கிலாந்தில் இவர்களுக்கு 14 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை முழு உடல் பரிசோதனை உண்டு. நம்மிடம் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். அதே பயணத்தில் இவர்களின் பல், காது, எடை, தைராய்டு பற்றியும் விசாரித்து, ஆண்டுக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைக்கலாம்.

பெற்றோருக்கு ஒன்று. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை இவர்களுக்காக நடத்தும் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், ஓ.பி. செலவும் அதில் சேரும். சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை எதுவும் கேட்பதில்லை. தெரியாமல் இருக்கும் குடும்பங்கள் நிறைய, அவர்களிடம் சொல்லுங்கள்.