பாடம் தெரிந்தால் மட்டும் பேராசிரியர் ஆகிவிட முடியாது

வேலூரில் நான் இளங்கலை வேதியியல் படித்தபோது, என் வகுப்பில் பாதிக்கும் மேற்பட்டோர் அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம், பேரணாம்பட்டு பகுதிகளிலிருந்து பேருந்தில் வந்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு, முதல் வாரமே ஆங்கிலப் பாடத்தைக் கேட்டு மிரண்டு போனவர்கள். அப்போது எங்களுக்கு வாய்த்த ஒரு பேராசிரியர் பெரும் படிப்பாளி. ஆனால் கரும்பலகையைப் பார்த்தே பேசுவார். மணி அடித்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுப் போய்விடுவார். ஆசிரியர் ஆகத் தகாதவருக்கு நன்னூல் சொல்லும் உவமைகளுள் ஒன்று மடற்பனை: பழம் தானாக விழுந்தால்தான் உண்டு, ஏறிப் பறிக்க வழியில்லை. அவரை நினைத்தால் எனக்கு அந்தப் பனைதான் நினைவுக்கு வருகிறது.

மற்றொரு பேராசிரியர், ஒரு சேர்மத்தில் அணு எத்தனை எலக்ட்ரான்களை இழந்ததாக அல்லது பெற்றதாகக் கொள்ளலாம் என்று காட்டும் ஆக்சிஜனேற்ற எண் பாடத்தைத் தொடங்குமுன், "யார் வீட்டில் தோல் வேலைக்குப் போகிறார்கள்?" என்று கேட்டார். தயங்கித் தயங்கி நான்கைந்து கைகள் உயர்ந்தன. என் கையும் அவற்றில் ஒன்று. சோதனைக் குழாயில் ஆரஞ்சு நிறப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலை எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, சிறிது ஆல்கஹால் விட்டு மெல்லச் சூடாக்கினார். ஆரஞ்சு மங்கிப் பச்சையானது. "ஆக்சிஜனேற்ற எண் ஆறாக இருந்த குரோமியம் மூன்றாகிவிட்டது. தோலைப் பதப்படுத்துவது இந்த மூன்று, உடம்பைக் கெடுப்பது அந்த ஆறு" என்றார். ராணிப்பேட்டையில் என் தந்தை செய்த வேலைக்குள் ஒரு பாடம் இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

நெட், செட் ஆகிய தகுதித் தேர்வுகள், முனைவர் பட்டம், ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டே இன்று நாம் பேராசிரியர்களை எடைபோடுகிறோம். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடைசி பெஞ்சில் இருப்பவருக்குப் பாடம் எந்த வரியில் நழுவியது என்பதை அறியும் கண் அவற்றால் வருவதில்லை. மாணவர் எங்கிருந்து வருகிறார் என்று விசாரித்து அறிந்தவருக்கே அது வாய்க்கிறது. அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டுகிறவரிடம் யாரும் ஐயம் கேட்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குரோமியம் காட்டிய அந்தப் பேராசிரியரிடம் அன்று நான் கேட்டேன். "ஐயா, குழாயில் பச்சையாக இருக்கிறதே, அப்பா வேலை செய்யும் இடத்தில் குரோமியத்தில் பதப்படுத்திய ஈரத்தோல், வெட் புளூ என்பார்கள், அது நீலமாக அல்லவா இருக்கும்?" அவர் சற்று யோசித்துவிட்டு, "எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, நாளைக்குப் பார்த்து வந்து சொல்கிறேன்" என்றார். ஐம்பது பேருக்கு முன்னால் ஒரு பேராசிரியர் அப்படிச் சொல்லி அதற்குமுன் நான் கேட்டதில்லை. மறுநாள் வகுப்பு தொடங்குமுன் நேராக என் பெஞ்சுக்கு வந்தார். குரோமியம் அதே மூன்றுதான் என்றும், அதைச் சூழ்ந்து பிணைந்திருப்பவை மாறும்போது நிறமும் மாறுகிறது என்றும் சொல்லி, என் நோட்டின் பின்பக்கத்தில் ஒரு குரோமியத்தையும் அதைச் சுற்றி ஆறு கோடுகளையும் பென்சிலால் வரைந்து காட்டினார். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.