கழுகுமலையில் உச்சிக்கு ஓடாதீர்கள்

கழுகுமலைக்குக் கூட்டாளிகளோடு கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். பத்து மணிக்கு அடிவாரம், விறுவிறுவென்று படி, உச்சிப் பிள்ளையார், கையை விரித்து ஒரு போட்டோ, பதினொன்றரைக்கு பஸ் ஸ்டாண்ட். ‘ட்ரெக்கிங் போனோம்’ என்று ஸ்டேட்டஸ் வேறு. கால் வலிக்க ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் நம் சீமையில் பொதிகை இருக்கிறது. கழுகுமலையில் பார்க்க வேண்டியவை எல்லாம் உச்சிக்குக் கீழே, பாறைச் சரிவில் இருக்கின்றன. என் கட்சி இதுதான்: உச்சியைக் கடைசிக்குத் தள்ளுங்கள், வெயில் ஏறிவிட்டால் அதை விட்டேவிடுங்கள். மிச்சமாகும் நேரத்தைப் பாறையைக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோயிலுக்கும் சமணச் சிற்பங்களுக்கும் கொடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம் தாராளமாக ஆகும்.

ஊர் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. 1986-இல் மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலிதான். நெல்லையிலிருந்து நாற்கரச் சாலையில் கயத்தாறு வழியாகக் கோவில்பட்டி, அங்கிருந்து சங்கரன்கோவில் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். சுற்றிலும் கரிசல் காடு, நடுவில் மொட்டைப் பாறையாக மலை. ஒதுங்க நிழல் கிடையாது என்பதை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். மார்கழி, தை, மாசி நல்ல காலம். பங்குனிக்கு மேல் அக்னி நட்சத்திரம் முடியும்வரை அந்தப் பக்கமே வேண்டாம். ஆனி, ஆடியில் வெயில் தணிந்தாலும் காற்று விடாது. கயத்தாற்றைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. சரிவு விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்கிறவனை அந்தக் காற்று ஒரு தள்ளில் தடுமாற வைத்துவிடும். தைப்பூசம், பங்குனி உத்திரம், பௌர்ணமி நாள்களில் கிரிவலக் கூட்டம் அலைமோதும். சிற்பம் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த நாள்கள் ஆகாது.

காலை ஆறரைக்குள் அடிவாரத்தில் இருக்க வேண்டும். வெயிலுக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. புடைப்புச் சிற்பத்துக்குச் சாய்வெயில் வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் மூக்கும் விரலும் நிழல் கட்டி எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும், போன் கேமராவில் வெறும் வெள்ளைப் பாறைதான் விழும். வெட்டுவான் கோயில் கிழக்குப் பார்த்தது. காலையில்தான் அதன் முகத்தில் வெளிச்சம் விழும்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மேலே கிடைக்கும் என்று நம்பி ஏறக்கூடாது. பாறைக் குழிகளில் தேங்கிக் கிடப்பதைக் குடிக்கவே கூடாது. வியர்வையில் உப்பும் போவதால், வெறும் தண்ணீரை மொத்தமாகக் குடித்தால் குமட்டும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஒரு பாட்டிலிலாவது உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ நீர்மோரோ இருக்கட்டும். தின்பதற்குக் கோவில்பட்டியில் இறங்கும்போதே கடலை மிட்டாய் வாங்கிக்கொள்ளுங்கள். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, வெல்லமும் கடலையும் மலையேற்றத்துக்கென்றே செய்த மாதிரி. ஆனால் பையை மூடியே வைத்திருக்க வேண்டும். பாலித்தீன் சரசரத்தால் குரங்குக்குக் கேட்டுவிடும்.

ஏற்றம் கடினமில்லை. பாறையிலேயே வெட்டிய படிகள். தேய்ந்த படியின் நடுவில் மிதிக்காமல் ஓரத்தில் மிதியுங்கள், நடுப்பகுதி வழவழத்துக் கிடக்கும். படியை விட்டு விலகி வெறும் பாறையில் நடக்கிறவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மழைநீர் இறங்கிய தடத்தில் கருப்புத் தாரைகள் தெரியும். அது பாசி. காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாது. பனி இறங்கிய காலையிலோ தூறலுக்குப் பிறகோ அதில் கால் வைத்தால் நேராகக் கீழேதான். இன்னொன்று குறுமணல். வெயிலிலும் மழையிலும் பாறையின் மேல்தோல் ஏடு ஏடாகப் பொரிந்து மணலாக உதிரும். சரிவில் அது கிடக்கும்போது, கேப்பை கொட்டிய தரையில் நடக்கிற கதைதான். பொரிந்த ஏட்டைப் பிடித்து ஏறவும் கூடாது. தட்டிப் பார்த்தால் ‘டொக்’கென்று உள்ளே காலியாகச் சத்தம் வரும், அது எப்போது வேண்டுமானாலும் கையோடு வந்துவிடும்.

இனி வெட்டுவான் கோயில். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. ‘தென்னகத்தின் எல்லோரா’ என்று போர்டு முதல் யூடியூப் வரை எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பட்டம் பிடிக்காது. எல்லோரா கைலாசநாதர் கோயிலின் பிரம்மாண்டத்தை எதிர்பார்த்து வருகிறவன் ‘இவ்வளவுதானா’ என்று திரும்பிவிடுகிறான். கழுகுமலையின் பெருமை அளவில் இல்லை, வேலை பாதியில் நின்றதில் இருக்கிறது. முடிந்த கோயிலில் எப்படிச் செய்தார்கள் என்பது மறைந்துவிடும். இங்கே அது திறந்து கிடக்கிறது.

பள்ளத்தின் மேல் விளிம்பிலிருந்து முதலில் பாருங்கள். சரிவான பாறையில் சுற்றிலும் அகழி மாதிரி வெட்டி இறக்கி, நடுவில் ஒரு பாளத்தை மட்டும் விட்டிருக்கிறார்கள். அந்தப் பாளத்தை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். எண்பட்டைச் சிகரம் முடிந்துவிட்டது. அதன் கீழே கழுத்துப் பகுதியில் நந்திகளும் பூதகணங்களும் முடிந்துவிட்டன. கீழே இறங்க இறங்க உருவம் மங்கி, அடித்தளம் வரும்போது வெறும் கரட்டுப் பாறை. மாமல்லபுரத்து ரதங்களும் மேலிருந்து கீழே வந்தவைதான். ஆனால் அவை ஏற்கெனவே நிமிர்ந்து நின்ற பாறையில் செய்தவை. இங்கே பாறையைத் தோண்டிப் பாளத்தைப் பிரிப்பதே முதல் வேலை. மேலிருந்து தொடங்குவதில் வசதி உண்டு: சாரம் கட்ட வேண்டாம், நிற்பதற்கு வெட்டாத பாறையே தளம். ஆபத்தும் உண்டு: சிகரத்தில் ஒரு சில்லு தப்பாகப் பெயர்ந்தால் ஒட்ட வழியில்லை, பக்கத்துக் கல்லை எடுத்து வைக்கவும் முடியாது. அளவு முழுக்க முதல் நாளே தச்சன் மனதில் இருந்தாக வேண்டும்.

தெற்கு முகத்தை விட்டுவிடாதீர்கள். அங்கே தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். சின்முத்திரை பிடித்து மௌனமாக இருப்பவரைத்தான் எல்லாக் கோயிலிலும் பார்த்திருப்போம். இவர் உடம்பைக் கொஞ்சம் சாய்த்துக் கை இரண்டையும் வாத்தியத்தில் வைத்திருக்கிறார். தாளத்துக்குத் தலை அசைவது போலவே இருக்கும். உமாமகேசுவரர், திருமால், பிரமன் மற்றப் பக்கங்களில். அப்பன் சிற்பி மகன் சிற்பியைப் பொறாமையில் கொன்றதால் வேலை நின்றது என்று ஒரு கதை சொல்வார்கள். கதையாகக் கேட்டுக்கொள்ளலாம்.

சமணச் சிற்பங்களை எண்ணினால் நூறைத் தாண்டும். பாறை முகப்பில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர் வணங்கும் அருளாளர்கள். முதல் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் தெரியும், அதனால்தான் பலர் ஐந்து நிமிடத்தில் நகர்ந்துவிடுகிறார்கள். பலவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு இருக்கிறது. பெரும்பாலும் இன்ன ஊர் இன்னார் செய்வித்தது என்ற ஒரே அமைப்புதான். குமரிப் பக்கத்துத் திருச்சாரணம், கோட்டாறு போன்ற ஊர்ப் பெயர்கள் அங்கே வருகின்றன. குரத்தியர் என்ற பெண் ஆசான்களும் வருகிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் பெண் ஆசிரியர்கள் மாணாக்கர்களோடு இருந்த இடம் இது, பாறையே சாட்சி. பாண்டிய மன்னன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, மலைநாட்டு அரசன் சடையன் கருநந்தன்மேல் படை போனதையும் அரிவியூர்க் கோட்டையை அழித்ததையும் சொல்கிறது. அகிம்சை பேசிய மலையில் போர்ச் செய்தி!

பெரிய உருவங்கள் மூன்றை நின்று பாருங்கள். பார்சுவநாதர் தலைக்கு மேல் ஐந்தலை நாகம் குடை பிடிக்க, அவருடைய பகைவன் கமடன் மேலேயிருந்து பாறையை எறியத் தூக்கி நிற்பான். அசையாமல் நின்று தவம் செய்த பாகுபலியின் காலில் கொடி சுற்றியிருக்கும், இரு பக்கமும் சகோதரிகள். சமணரின் இயக்கித் தெய்வமான அம்பிகையின் அருகே குழந்தைகளும் சிங்கமும் கையை உயர்த்திய ஓர் ஆணும்.

பக்கத்திலேயே அய்யனார் கோயில் இருப்பதால் செருப்பைக் கழற்ற வேண்டிவரும். ஒன்பதுக்குள் என்றால் வெறுங்காலுக்குப் பாறை சுகமாக இருக்கும், பதினொன்றுக்கு மேல் பொத்துப்போகும். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்ப்பதும், தண்ணீர் ஊற்றுவதும், சிற்பத்தடியில் கற்பூரம் ஏற்றுவதும் வேண்டாம். கரி படிந்தால் போகாது, திரும்பத் திரும்பச் சூடு பட்டால் கல்லின் தோல் சில்லாக உதிரும். எழுத்தைப் பார்க்க எளிய வழி: நிழலில் இருக்கும் வரிக்குப் போன் டார்ச்சைப் பக்கவாட்டில், பாறையை ஒட்டிப் பிடியுங்கள். வெட்டின் பள்ளம் கருத்துத் தெரியும்.

உச்சி பற்றிச் சொல்ல அதிகமில்லை. காற்று, பிள்ளையார், கரிசல் காட்டின் விரிவு.

விழுகிறவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். ‘ஏல, ஓடியே இறங்கிருவோம்’ என்று ஒருவன் தொடங்குவான், மற்றவன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு நிற்பான். பாதம் முழுக்கப் பாறையில் படியட்டும், முழங்கால் சற்றே மடங்கியிருக்கட்டும், எடுத்து வைக்கும் அடி சிறிதாக இருக்கட்டும். சரிவு கூடினால் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். உட்கார்ந்து சறுக்கினால் வேகம் நம் கையில் இல்லை. அடிப்பாகம் தேய்ந்த ஷூவைவிட ரப்பர் பிடிப்புள்ள சாதாரணச் செருப்பு மேல்.

கீழே கழுகாசலமூர்த்தி என்ற முருகன் கோயிலுக்கு மதியம் நடை சாத்துமுன் போய்விட வேண்டும். மலையைக் குடைந்த குகைதான் கருவறை. அதனால் சந்நிதியை மட்டும் வலம்வர வழியில்லை, மலையையே சுற்ற வேண்டும். காலையில் கூட்டம் குறைவு என்றால் முருகனைப் பார்த்துவிட்டே ஏறலாம், தப்பில்லை. அப்படிச் செய்தால் வெளிச்சம் அரைமணி நேரம் போய்விடும், அவ்வளவுதான்.